எலும்புக்கூட்டைச் சுவரில் மாட்டிய நாள்

இது நடந்து ஏழெட்டு வருடம் இருக்கும். பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் வீடு. என் கணவர் பைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். நான் பனை ஓலையில் பெட்டி, கூடை பின்னுவேன். கூடவே எனக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு, போட்டோ எடுப்பது. கல்யாணத்துக்கு முன்பு பொன்னேரியில் என் அண்ணனின் ஸ்டூடியோவில் வேலை பார்த்தபோது பிடித்துக்கொண்டது. அண்ணன் தூக்கிக் கொடுத்த பழைய கேமரா ஒன்றை வைத்துக்கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் ஊருக்கு வந்தவர்களுக்குத் தெரியும், டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று இங்கே இருக்கிறது. அதன் வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். சின்ன வயதில் அந்தப் பக்கம் போனால் கண்ணை மூடிக்கொண்டு ஓடியிருக்கிறேன். ஒரு சாயங்காலம், வெயில் சாய்ந்து விழுகிற நேரத்தில், கேமராவோடு அங்கே போய் நின்றேன். லென்ஸ் வழியாகப் பார்த்ததும் பயம் போன இடம் தெரியவில்லை. வலை இழுத்துக் களைத்துப்போய்க் கரையில் ஓய்ந்து நிற்கிற ஆள் மாதிரி இருந்தது அந்த எலும்புக்கூடு. விலா எலும்புகளுக்கு நடுவே வெளிச்சம், நிழல், மறுபடி வெளிச்சம், மறுபடி நிழல். எனக்குக் கை பரபரத்தது. வெள்ளை ஓலையும் கறுப்புச் சாயம் போட்ட ஓலையும் இருந்தால் இதை அப்படியே ஒரு பாயில் கொண்டுவந்துவிடலாமே என்று தோன்றியது.

போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, அதன் மேல் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்தேன். ஒரு கட்டத்துக்கு ஓர் ஓலை. சொல்ல சுலபமாக இருக்கிறது. முதல் தடவை மண்டை ஓடு பூசணிக்காய் மாதிரி வந்தது. பிரித்தேன். அடுத்த தடவை கண்குழிகள் ஆந்தை மாதிரி முழித்தன. அதையும் பிரித்தேன். விரல் நுனியெல்லாம் ஓலை கீறிய கோடு. கடலிலிருந்து வந்த என் கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இன்னாமே இது? வூட்டுக்குள்ள எலும்புக்கூட்ட போட்டு வெச்சிக்கினு! அல்லாரும் பூ பின்றாங்க, மீன் பின்றாங்க, உனுக்கு இதுதான் கெடச்சுதா?”

“கண்ணு மட்டும் சரியா வரட்டும். அப்பறம் நீயே சொல்லுவ” என்றேன்.

அந்தக் கோடை முழுக்க அதுதான் வேலை. கண் சரியாக வந்த அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரி பாயைப் பார்த்துவிட்டு, சாமி படத்தை அந்தப் பக்கமாகத் திருப்பி வைக்கச் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் ஒரு கண்காட்சி நடக்கப்போவதாக அண்ணன் சொன்னார். போட்டோக்களும் கைவேலைகளும் சேர்ந்த கண்காட்சி. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்களாம். கல்லறை வாசல் போட்டோவையும் பாயின் படத்தையும் அனுப்பினேன். இரண்டையும் வைப்பதாகவும், பாயை மட்டும் நேரில் கொண்டுவர வேண்டும் என்றும் போன் வந்தபோது எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

கண்காட்சி தொடங்குகிற நாள் காலையில் பாயைச் சுருட்டிப் புடவையில் சுற்றி, தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஏறினேன். அங்கே போனதும் கண்காட்சியை நடத்துகிற அதிகாரி ஒருவர் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். என் போட்டோவுக்குச் சட்டம் போட்டு, மேலே ஒரு சின்ன விளக்கும் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. பிறகு வெளி வராந்தாவுக்குக் கூட்டிப் போய் ஒரு மேசையைக் காட்டினார். அதில் ஊறுகாய் பாட்டில், சோப்பு, சணல் பை.

“உங்க பாயை இங்க வெச்சிடுங்கம்மா. விலைச் சீட்டு எழுதி ஒட்டிடுங்க. ஆனா எலும்புக்கூட்டை யாரு வாங்குவாங்க? ரெண்டு பெட்டியும் கொண்டாந்திருக்கலாம்.”

“இது விக்கறதுக்கு இல்ல சார். போட்டோ பக்கத்துல மாட்டத்தான் கொண்டாந்தேன்.”

“போட்டோ கலைம்மா. இது கைத்தொழில். ரெண்டையும் ஒண்ணா வைக்க முடியாது.”

அப்போதுதான் உள்ளே எதிர்ச்சுவரைக் கவனித்தேன். அங்கே ஒரு பாய் தொங்கியது. அதற்கும் விளக்கு. கிட்டே போய்ப் பார்த்தேன். நம் கரையோரம் புதர் புதராக வளருமே தாழை, அதே மாதிரி ஓலை. நெருக்கமான, அருமையான பின்னல்.

“அப்ப இது மட்டும் சார்?”

“அது ஹவாய் தீவுலேர்ந்து வந்தது.”

“இது பழவேற்காட்லேர்ந்து வந்துது சார்.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “சுவர்ல எடம் இல்லம்மா, ஆணியும் இல்ல” என்று முடித்துவிட்டுப் போனார்.

பஸ் ஏறி ஊருக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் போட்டோவுக்கு ஒரு தடவை பட்டனை அழுத்தினேன். பாய்க்கு ஒரு கோடை முழுக்க உட்கார்ந்தேன். அழுத்தினது கலை, உட்கார்ந்தது கலை இல்லை என்றால் எப்படி? பாயைச் சுற்றியிருந்த புடவையை அவிழ்த்து அதை விரித்தேன். என் போட்டோவுக்குப் பக்கத்தில் போய், பாயின் மேல் முனைகள் இரண்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரில் முதுகை ஒட்டி நின்றுவிட்டேன்.

அதிகாரி ஓடி வந்தார். “என்னம்மா பண்றீங்க?”

“ஆணி இல்லன்னீங்களே சார். நானே புடிச்சிக்கிறேன்.”

பாய்க்கு மேலே என் தலை மட்டும் தெரிந்திருக்கும். கண்காட்சி திறந்து ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். சிலர் சிரித்தார்கள். சிலர் செல்போனில் படம் எடுத்தார்கள். எலும்புக்கூட்டை நின்று பார்த்தவர்களும் இருந்தார்கள். நேரம் ஆக ஆகத் தோள் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலித்தது. கையை இறக்கவில்லை.

அப்போது உயரமான ஒரு பெண்மணி வந்தார். நரைத்த கூந்தலைக் கொண்டை போட்டிருந்தார். பாயின் ஓரத்தைத் தொட்டு, ஓலையை எங்கே மடக்கித் திருப்பியிருக்கிறேன் என்று விரலாலேயே தேடிப் பார்த்தார். பின்னுகிறவர்களுக்குத்தான் அந்த இடம் தெரியும். என்னை நிமிர்ந்து பார்த்தார். கைப்பையைத் தரையில் வைத்தார். என் வலது கையிலிருந்த முனையை மெதுவாக வாங்கித் தானே பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். எதிர்ச்சுவரைக் காட்டித் தன் நெஞ்சைத் தொட்டார். அந்தத் தாழம்பாய் அவர் பின்னியது!

அதிகாரி பதறிப் போய்விட்டார். அந்த அம்மா அமைதியான குரலில் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். இவர் பதில் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், இல்லை என்பதாக. “இன்னா சொல்றாங்க சார்?” என்று கேட்டேன். அதிகாரி என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

“உங்க பாயைச் சுவர்ல மாட்டலன்னா, அவங்க பாயையும் கழட்டி ஊறுகாய் பக்கத்துல வெச்சிடச் சொல்றாங்க.”

“இடம் இல்லை” என்று அதிகாரி மறுபடி இழுத்தார். அந்த அம்மா பாயின் முனையை என்னிடம் கொடுத்துவிட்டு, என் போட்டோவுக்கு அடுத்தபடியாக இருந்த ஒரு படத்திடம் போனார். பாறையில் அலை அடிக்கிற படம். அதுவும் அவர் எடுத்ததுதானாம். இரண்டு கையாலும் அதைக் கழற்றி, நேராக வராந்தாவுக்குக் கொண்டுபோய், சோப்புக்கும் சணல் பைக்கும் நடுவே நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். சுவரில் ஆணி மட்டும் நின்றது.

நாங்கள் இருவரும் சேர்ந்துதான் பாயை மாட்டினோம். அதிகாரி ஸ்டூல் கொண்டுவந்து கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் சொல்லாமலே, இன்னொரு விளக்கும் கொண்டுவந்து போட்டார்.

கடைசி நாளன்று என் கணவர் வந்தார். அவ்வளவு பெரிய இடத்தில் சத்தம் போட்டுப் பேசக் கூச்சப்பட்டு, கையைக் கட்டிக்கொண்டு பாய்க்கு எதிரே வெகுநேரம் நின்றார். “வூட்ல இருந்தப்ப இத சரியாவே பாக்கலமே” என்றார், அவ்வளவுதான்.

அந்த அம்மா பேசியதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை, அதன் பிறகு அவரைப் பார்க்கவும் இல்லை. ஆனால் அன்றையிலிருந்து யாராவது “இது உங்க இடம் இல்லை” என்று சொன்னால் நான் உடனே நகர்ந்துவிடுவதில்லை, அப்படி ஒருத்தி தனியாக நிற்பதைப் பார்த்தால் பேசாமல் கடந்து போகவும் முடிவதில்லை.