கீத்துக்காகப் பேச வந்தவள்

இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் சரிவான ஒரு தெருவின் கடைசி வீட்டில் மேவிஸ் தன் மகன் கீத்தோடு இருந்தாள். அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. வாலிபத்திலேயே காதில் குரல்கள் கேட்கத் தொடங்கி, வாழ்க்கை அதோடு நின்றுபோன பிள்ளை. ஊர் நிர்வாகத்தைப் பார்க்கும் கவுன்சிலிலிருந்து யார் விசாரிக்க வந்தாலும் மேவிஸ் வாசற்படியைத் தேய்த்துக் கழுவி, நல்ல கம்பளி கார்டிகனை எடுத்துப் போட்டுக்கொள்வாள். "எங்களுக்கென்ன குறை? நல்லாத்தான் இருக்கோம்" என்பாள். அன்று காலையில்தான் அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதிருப்பான். அதைப் போய் வெளியாளிடம் சொல்வதா? அந்த ஊரில் யார்தான் சொன்னார்கள்? குறை இல்லை என்றவர்களுக்கு உதவியும் இல்லை என்று வந்தவர்கள் போய்விடுவார்கள்.

பிறகு மேவிஸ் மாடிப்படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். கீத்தை ஆட்கள் வந்து கவனித்துக்கொள்ளும் குடியிருப்புக்கு மாற்றலாம் என்றார் கவுன்சில் அதிகாரி. அவனை அனுப்ப மாட்டேன் என்றாள் அவள்.

"அவனுக்காகப் பேச ஒரு தனி ஆளைக் கேளுடி" என்றாள் பக்கத்து வீட்டு எனிட். "கவுன்சில் ஆளும் இல்ல, ஆஸ்பத்திரி ஆளும் இல்ல. காசும் வாங்க மாட்டாங்க. சட்டத்துலயே இருக்காம்."

மேவிஸே போன் போட்டுக் கேட்டாள். வந்தவள் பெயர் பிரிட்ஜெட். நாலு பேர் முன்னால் கீத் வாய் திறக்க மாட்டான் என்று கண்டுகொண்டு, அவனோடு கால்வாய்க் கரையில் நடக்கத் தொடங்கினாள். வாராவாரம் நடந்தாள்.

"என்ன சொல்றான், கண்ணு?"

"அதை அவர்தான் சொல்லணும், மேவிஸ்."

"பெத்தவ நான். என்னைவிட உனக்குத் தெரிஞ்சிடுமோ?"

"தெரியாது. அதனாலதான் அவரைக் கேக்கறேன்."

"நல்லா வாயடிக்கிறே" என்று பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள் மேவிஸ். ஆனாலும் உள்ளுக்குள் தைரியம்தான். வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்பதைத் தவிர அவள் பிள்ளை வேறென்ன சொல்லிவிடப் போகிறான்?

கீத் எங்கே இருப்பது என்று முடிவெடுக்கக் கவுன்சில் அதிகாரி கூட்டிய கூட்டத்தில் பிரிட்ஜெட் நிதானமாகச் சொன்னாள். "கீத்துக்கு அந்தக் குடியிருப்புல தனியா ஒரு வீடு வேணுமாம். சாவி அவர் கையில இருக்கணுமாம். பக்கத்து அறையில அம்மா அழுறது குரல்களைவிடச் சத்தமாக் கேக்குதாம்."

"யாருக்குடி பேச வந்தே நீ?" மேவிஸின் குரல் உடைந்தது. "உன்னைக் கூப்பிட்டதே நான்!"

"கீத்துக்குத்தான் பேசறேன், மேவிஸ்."

மேவிஸ் மகனைப் பார்த்தாள். அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான்தாம்மா சொன்னேன்" என்றான்.

மேவிஸ் அதிகாரி பக்கம் திரும்பி, "டீயில ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போடணும்னு அங்க இருக்கறவங்ககிட்டச் சொல்லிடுங்க" என்றாள்.

"எனக்கு டீயே பிடிக்காதும்மா" என்றான் கீத். "நீ வருத்தப்படுவேன்னு குடிச்சேன்."

அடுத்த வாரமே அவன் போனான். வண்டி தெருவில் இறங்கி மறையும்வரை கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலிலேயே நின்றாள் மேவிஸ். எப்படியிருக்கிறாய் என்று எனிட் கேட்டாள்.

"நல்லா இல்லடி" என்றாள் மேவிஸ்.