ஏழு மில்லிமீட்டர் உடை

ஆஸ்திரேலியாவின் தென்கோடித் தீவான டாஸ்மேனியாவிலிருக்கும் அக்காவுடன் அங்கே கடலுக்கடியில் டைவிங் செய்யத் தீர்மானித்தேன். மன்னார்புரத்தில் ஒரு பெண் தன் பழைய வெட்சூட்டை, டைவிங்கில் குளிர் தாங்கப் போடும் ரப்பர் உடையை, விற்பதாக அறிந்து, ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துப் போனேன். போட்டுப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது.

“எந்தக் கடல்லங்க இறங்கப் போறீங்க?” என்றார். சொன்னேன்.

“அப்போ இதை விற்க மாட்டேங்க. இது மூணு மில்லிமீட்டர் தடிமன்தான். அந்தமானுக்குச் சரி. அந்தக் குளிருக்கு ஏழு மில்லிமீட்டராவது வேணும். இதைப் போட்டுக்கிட்டு ஒருதடவை குளிர்ந்த தண்ணியில இறங்கி, விரல் விறைச்சு, நான் மேல வந்ததே பெரிசு.”

உள்ளே போய், அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தனக்காக வாங்கிய கனமான ஏழு மில்லிமீட்டர் உடையைக் கொண்டுவந்தார்.

“இதை எடுத்துட்டுப் போயிட்டு வாங்க. வந்து குடுத்தாப் போதும்.”

டாஸ்மேனியக் கடலில் முகம் மட்டும் சில்லிட்டது. நெஞ்சு கதகதப்பாக இருந்தது. என் பெயரைக்கூடக் கேட்காமல் கொடுத்தாரே என்று அங்கேதான் எனக்கு உறைத்தது.