தயாளினியின் ஏழு ஊக்குகள்

தயாளினி என்ற பெயரை ஞானம்மா முதன்முதலில் கேட்டது 2009ஆம் ஆண்டில், பாரிசுக்குப் பக்கத்தில் லா கூர்னெவ்வில் ஒரு கல்யாண மண்டபத்தில். மணவறை ஏறும் படியில் மணமகளின் கூறைச்சேலை கழன்றுகொண்டிருந்தது. "தயாளினியைக் கூப்பிடுங்கோ, கெதியாக் கூப்பிடுங்கோ" என்று பெண்வீட்டார் நாலு பக்கமும் கத்தினார்கள். சாப்பாட்டு மேசைப் பக்கமிருந்து வாயில் பாதி வடையோடு ஒருத்தி ஓடிவந்தாள். சட்டைக்குள்ளிருந்து தாலிக்கொடியை வெளியே இழுத்தாள். அதில் ஏழு ஊக்குகள் தொங்கின. மூன்றைக் கழற்றிக் கண்மூடித் திறப்பதற்குள் சேலையை நிறுத்திவிட்டாள். பிறகு மணமகளிடம், "அசையாதை. வயித்தை உள்ளை இழு. சிரி" என்று மூன்று கட்டளை போட்டுவிட்டு மிச்ச வடையை விழுங்கினாள்.

ஆளைக் கண்டால் சொந்தம் கண்டுபிடிக்காமல் ஞானம்மாவுக்குச் சோறு இறங்காது. பாயசம் வருவதற்குள் கண்டுபிடித்துவிட்டாள். அவளுடைய சின்னையாவின் மனைவிக்கு ஒரு தங்கை. அந்தத் தங்கையின் கடைசி மகன் தவரத்தினம், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் சமையல்காரன். அவனுடைய மனைவிதான் இந்தத் தயாளினி. அவன் தம்பி முறை, ஆகவே இவள் மச்சாள். இருபது வயது வித்தியாசம் இருந்தாலும் மச்சாள் மச்சாள்தான். அன்றிலிருந்து இருவரும் ஒருவரை ஒருவர் நக்கலடிக்கும் உரிமையோடு பழகினார்கள்.

தயாளினிக்கு மணமகள் அலங்காரம்தான் தொழில். தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சேலைக்கடையின் பின்னறையில் இருந்துகொண்டு பாரிசையும் சுற்றுப்புறத்தையும் ஆண்டாள். மணமகளின் தாய்மாரே அவளுக்குப் பயந்தார்கள். ஆனால் அந்த வாய் பிரெஞ்சுக்காரரைக் கண்டால் பூட்டிக்கொள்ளும். 2014இல் குடியுரிமை நேர்காணலுக்குப் போனாள். தன் பெயரைச் சொன்னாள். அதற்குப் பிறகு அரைமணி நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விண்ணப்பத்தை இரண்டு வருடம் ஒத்திவைத்துக் கடிதம் வந்தது.

அது வெறும் கடிதமாக இருந்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பாள். டொராண்டோவில் அவளுடைய அக்காவின் மகள் சுபாங்கிக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். படிப்பு முடிந்து 2018இல் கல்யாணம். "சின்னம்மா வந்து சேலை கட்டாட்டி நான் மணவறை ஏறமாட்டன்" என்று அந்தப் பெண் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். தயாளினியிடம் இருந்தது அகதிப் பயணப் பத்திரம். அதற்கு இரண்டு முறை கேட்டும் கனடா விசா கிடைக்கவில்லை. பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வந்தால் போகலாம். பாஸ்போர்ட் வேண்டுமென்றால் வாய் திறக்கவேண்டும்.

ஆகவே லா சப்பலில் ஒரு சங்கம் நடத்திய பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தாள். தனியே போகப் பயந்து ஞானம்மாவையும் சேர்த்தாள். படிப்பித்தவர் ழான்-லூக், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். ஆறடி உயரம், அதற்கேற்ற வயிறு, வெள்ளைத் தாடி. 2016 வசந்தத்தில் ஒருநாள் அவர் வகுப்புக்குச் சொன்னார்: ஐந்து வியாழக்கிழமை அருங்காட்சியகம் போகிறோம், கெல்ட்டியர் என்ற பழங்கால மக்களின் கலையைப் பார்த்து, வரைந்து, கையால் செய்யப்போகிறோம். கடைசி நாளில் ஒவ்வொருவரும் பார்வையாளர் முன்னால் ஒரு பொருளைப் பற்றி ஐந்து நிமிடம் பிரெஞ்சில் பேசவேண்டும்.

"ஐஞ்சு நிமிசமோ," என்றாள் தயாளினி. "எனக்கு அண்டைக்குக் காய்ச்சல்."

"இன்னும் ஐஞ்சு கிழமை கிடக்கு. இப்பவே காய்ச்சலோ?" என்றாள் ஞானம்மா.

முதல் வியாழன் பதினொரு பெண்கள் போனார்கள். ரயிலில் கள்ளர் அறுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் எல்லாருடைய கொடியும் ஸ்வெட்டருக்குள். வழிகாட்டிப் பெண் முதலில் காட்டியது கழுத்தில் அணியும் முறுக்குப் பொன்வளையம். அவள் அதன் வளைகோடுகளை விளக்கிக்கொண்டிருக்க, பெண்கள் கண்ணாடியில் மூக்கை வைத்து எடை பார்த்தார்கள்.

"முப்பது பவுன் வரும்," என்றாள் ஞானம்மா.

"உள்ளை அரக்கு அடைச்சிருப்பாங்கள், மச்சாள். பதினைஞ்சுக்கு மேலை வராது."

அடுத்த பெட்டியில் விரலளவில் ஒரு வெண்கலச் சாமான் இருந்தது. நடுவில் வில் போல வளைவு, அதன் மேல் சுருண்டோடும் கொடிக்கோடுகள், ஒரு பவளப் பொட்டு. ஒரு முனையில் சுருள், அதிலிருந்து ஓர் ஊசி, மறுமுனையில் ஊசி மாட்டும் கொக்கி. இது ஃபிபுல், இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்னால் உடையை இப்படித்தான் குத்தினார்கள் என்றாள் வழிகாட்டி.

தயாளினி கண்ணாடியை உற்றுப் பார்த்தாள். "சட்டைப்பின்," என்றாள் தமிழில். ஊக்கைத்தான் சொன்னாள். வழிகாட்டிக்கு விளங்கவில்லை. தயாளினியின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. கொடி வெளியே வந்தது, ஏழு ஊக்குகளும் கிலுங்கின. "முவா ஓசி," என்றாள். நானும்தான் என்று அர்த்தம். அவள் வாயிலிருந்து ஞானம்மா கேட்ட முதல் பிரெஞ்சு அதுதான்.

மற்றப் பத்துப் பேரும் சும்மா நிற்பார்களா. ஸ்வெட்டருக்குள் கை விட்டு ஆளாளுக்கு இழுத்தார்கள். மொத்தம் முப்பத்தாறு ஊக்கு. சத்தம் கேட்டுக் காவலாளி ஓடிவந்தார். வழிகாட்டி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து மண்டபத்தில் நின்ற தன் சிநேகிதியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள்.

அதற்குப் பிறகு தயாளினி ஒரு வியாழனும் தவறவில்லை. கவராயத்தால் வட்டத்துக்குள் வட்டம் போட்டு அந்த வளைகோடுகளை வரையப் பழக்கினார்கள். கவராயம் பிடித்தறியாத ஞானம்மா தன் காப்பைக் கழற்றிவைத்து வட்டம் கீறினாள். நாலாம் வியாழன் செப்புக்கம்பியில் ஃபிபுல் செய்தார்கள். தயாளினி செய்த முதல் ஃபிபுலின் சுருள் தெறித்துப் பறந்து ழான்-லூக்கின் தாடியில் சிக்கியது. அதை எடுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. சுருளை இரு பக்கமும் இரண்டிரண்டாகச் சுற்றினால் தெறிக்காது என்று அவளே கண்டுபிடித்தாள். இரண்டாவது சரியாக வந்தது.

கடைசி வியாழன் நாற்பது பார்வையாளர். கட்டம் போட்ட தடித்த கம்பளிப் போர்வை ஒன்றைக் கெல்ட்டியர் பாணியில் ழான்-லூக்குக்குச் சுற்றி, தோளில் அருங்காட்சியகத்தின் மாதிரி ஃபிபுல் ஒன்றைக் குத்தி நிறுத்தியிருந்தாள் வழிகாட்டி. தயாளினி அவருக்குப் பக்கத்தில் நின்று ஃபிபுலைப் பற்றிப் பேசவேண்டும். நின்றாள். ஒரு நிமிடம் போயிற்று. முன்வரிசையில் ஒருவர் இருமினார்.

அப்போது ழான்-லூக்கின் வயிறு அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டது. மாதிரி ஃபிபுலின் ஊசி வளைந்து கழன்றது. போர்வை தோளைவிட்டு இடுப்புக்கு வந்தது. அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு தாடிவரை சிவந்தார்.

"ந பூஜே பா," என்றாள் தயாளினி. அசையாதே என்று அதட்டல். அடுத்து பிரெஞ்சிலேயே, வயிற்றை உள்ளே இழு என்றாள். அதற்கடுத்து, சிரி என்றாள்.

மண்டபம் வெடித்தது. ழான்-லூக் வயிற்றை இழுத்துச் சிரித்தார். தயாளினி தன் செப்பு ஃபிபுலை எடுத்துக் குத்திக்கொண்டே பேசினாள். சுருள் ஏன் வேண்டும், பாரமான துணிக்கு வில் ஏன் உயரவேண்டும், வளைகோடு ஏன் கண்ணை நிற்கவிடாமல் ஓடுகிறது, எல்லாம். ஆண்பால் பெண்பால் எல்லாம் பிழை. ஒருவரும் கவலைப்படவில்லை. ஐந்து நிமிடம் கேட்டார்கள், கால்மணி கொடுத்தாள்.

திரும்பி வரும் ரயிலில் ஞானம்மா சொன்னாள், "உனக்கு நாக்கிலை ஒண்டுமில்லை, மச்சாள். வாய் விரலிலை கிடக்கு."

"அப்ப நேர்காணலுக்குப் பிரெபெக்தூரிலை ஆற்ரை சேலையைக் குத்துறது?"

"உன்ரை சால்வையைக் குத்து."

அந்த வருட மாரிக்குளிரில் இரண்டாவது நேர்காணல் வந்தது. தயாளினி சால்வையில் செப்பு ஃபிபுலோடு உள்ளே போனாள். ஞானம்மா வெளியே கதிரையில் இருந்தாள். பத்து நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. ஞானம்மா தனக்குத் தெரிந்த பிள்ளையார்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டாள். பிறகு கதவுக்குப் பின்னால் மச்சாளின் குரல் ஓடத் தொடங்கியது. நடுவில் ஒரு ஆண்சிரிப்பு. பிறகு தெளிவாக, "ந பூஜே பா."

ஞானம்மா கதிரையைவிட்டு எழும்பிவிட்டாள். அரசாங்க ஆளையா அதட்டுகிறாள்?

கதவு திறந்தது. அதிகாரி வழியனுப்ப வந்தார். அவருடைய கம்பளிச் சட்டையில் பொத்தான் இல்லாத இடத்தில் ஓர் ஊக்கு மினுங்கியது. தெருவுக்கு வந்ததும் ஞானம்மா மச்சாளின் கொடியை இழுத்து எண்ணினாள். ஆறு.

"லஞ்சம் எண்டு பிடிக்கப் போறாங்களடி."

"சட்டைப்பின்னுக்கோ? அந்தாள் சால்வையிலை கிடந்ததைப் பாத்து, கெல்ட்டியர் எப்பிடி உடுத்தவை எண்டு கேட்டது. காட்டினனான்."

அடுத்த கோடையில் குடியுரிமைக் கடிதம் வந்தது. 2018 ஆவணியில் டொராண்டோவில் சுபாங்கிக்குக் கூறை கட்டினாள். தோள் மடிப்பில் அந்தச் செப்பு ஃபிபுலைக் குத்தி அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

தயாளினி இப்போது பாரிசுக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில், நாலாம் மாடியில், தவரத்தினத்தோடு இருக்கிறாள். சனிக்கிழமைகளில் மணமகள்களுக்குச் சேலை கட்டுகிறாள். மாதத்தில் ஒரு வியாழன் அருங்காட்சியகத்தில் போர்வை குத்திக் காட்டுகிறாள். கொடியில் மறுபடி ஏழு ஊக்கு இருக்கிறது.