பூனையின் சாயங்கால மாத்திரை

செய்யாத தப்புக்கு நாலு பேர் முன்னால் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

எங்கள் பூனையை ஒரு கடுவன் பூனை கழுத்தில் கடித்து, எலுமிச்சம்பழம் அளவுக்குச் சீழ் கட்டிவிட்டது. மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா கீறிச் சுத்தம் செய்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் அரை, சாயங்காலம் அரை, ஏழு நாள். வெறும் வயிற்றில் கூடாது. தொண்டையில் ஒட்டிக்கொண்டால் உள்ளே புண்ணாகிவிடுமாம். அதனால் கொடுத்த கையோடு ஊசியில்லாத சிரிஞ்சால் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும். "ஆறின மாதிரி தெரியும். நிறுத்திடாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

நான் ஆரோவில் பக்கம் ஒரு தையல் யூனிட்டில் வேலை செய்கிறேன். வீடு வந்து சேர எட்டரை ஆகும். என் கணவருக்கு உப்பளத்தில் வேலை. விடிவதற்கு முன் போய் மதியத்தோடு வந்துவிடுவார். அதனால் காலை மாத்திரை என் பொறுப்பு, சாயங்கால மாத்திரை அவர் பொறுப்பு. தினமும் செருப்பைக் கழற்றும்போதே கேட்பேன். "குடுத்துட்டேன்" என்பார். அட்டையைப் பார்த்தால் சரியாகக் குறைந்திருக்கும்.

ஐந்தாம் நாள் கழுத்து மறுபடி வீங்கியது. ஆறாம் நாள் காலை சங்கரா மீன் வைத்தும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. லீவு சொல்லிவிட்டுப் பூனையைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

டாக்டரம்மாவுக்கு வந்ததே கோபம். "ஏம்மா, மருந்து ஒழுங்கா குடுத்தீங்களா இல்லையா? பாதியில விட்டா இப்படித்தான் திரும்ப வரும். இனிமே விட்டீங்கன்னா பொழைக்காது."

ஆடு பிடித்துக்கொண்டு நின்றவர்கள்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வேளைகூட விடவில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஊசி போட்டு, வேறு மருந்து எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்குத் திரும்பினால், என் கணவர் பின்வாசலில் உட்கார்ந்து டம்ளர் அடியால் அந்தப் பழைய மாத்திரையை நசுக்கி, குதிகால் வெடிப்பில் தூவிக்கொண்டிருந்தார்.

உப்பளத்தில் இது வழக்கம். உப்புத் தண்ணீரில் நின்று காலில் புண் வந்தால் மாத்திரையை விழுங்க மாட்டார்கள், பொடி செய்து தூவுவார்கள். புண் காலில் இருக்கும்போது மாத்திரை எதற்கு வயிற்றுக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் நியாயம். எத்தனை முறை சொன்னாலும் ஏறாது.

"யோவ், இன்னாயா பண்ற? அது பூனை மாத்திரை."

"அதுக்குத்தான் மூணாம் நாளே ஆறிடுச்சே. எனக்குத்தான் ஆறல."

மூன்று நாளாகச் சாயங்கால மாத்திரை எல்லாம் இந்தக் காலுக்குத்தான் போயிருக்கிறது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்று நினைப்பு. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பூனையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். "பாரு, ஆறின லட்சணத்த. இது செத்திருந்தா இன்னா பண்ணுவ? கால் வலின்னா என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். போன மாசமே. தேங்காண்ண தடவிக்கோன்னு சொல்லிட்டு பஸ்ஸுக்கு ஓடிட்ட."

சொன்னது உண்மைதான். எனக்கு ஞாபகம் இருந்தது. அதற்காகக் கோபம் குறைந்துவிடவில்லை. பாதி என் பக்கம் திரும்பியது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து இரண்டு வேளை மருந்தும் என் கையால்தான் கொடுத்தேன். யூனிட்டில் கெஞ்சிச் சீக்கிரம் கிளம்பி வந்தேன். நான்காம் நாள் பூனை தட்டை நக்கித் தின்றது. மறுநாள் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் குதிகாலைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "இவ்ளோ நாளா வீட்ல யாரும் கவனிக்கலியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "நான் வீட்ல சொல்லவே இல்ல சார்" என்றார்.

பூனைக்குச் செய்ததைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடுவேன். இந்தப் பொய்யை என்னால் தாங்க முடியவில்லை.