படுதாக் குளத்தில் மிளாக்குட்டி

போடிமெட்டுக்கு அருகே எங்கள் ஏலத்தோட்டக் குளத்துக்கு இன்று புது பிளாஸ்டிக் படுதா விரித்தார்கள். அது சரசரத்ததும் ஈஸ்டருக்கு முந்தைய ஒரு பெரிய வியாழன் காலை நினைவுக்கு வந்தது. ஆறாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுநாள் அது.

அன்று குளத்துக்குள் விழுந்த மிளாமான் குட்டி கரையேறத் தவித்தது. குளம்பு படுதாவில் வழுக்கியது. சித்தப்பா கயிறு வீசியதும் மிரண்டு நடுக்குளத்துக்கே போனது. மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

“நம்மளப் பாத்துதான் கரைக்கு வர மாட்டேங்குது கொழுந்தனாரே. எல்லாரும் போயிருவோம்” என்றாள் அம்மா.

“விட்டுட்டுப் போனா முங்கிரும் மதினி.”

“நின்னாலும் முங்கத்தான் போவுது.”

ஏலக்காய்ச் சாக்குகளை இணைத்துச் சரிவில் தொங்கவிட்டு, காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால் ஒளிந்தோம். தண்ணீர்ச் சத்தம் நின்றுபோனது. அம்மா என் கையை இறுக்கினாள். பிறகு படுதா சரசரத்தது.

இன்று தண்ணீர் விடும் முன், நாலு சரிவிலும் சாக்கு கட்டினேன்.