ஒரே ஒரு மணி யாருக்கு?

எங்கள் லுத்தரன் கோயிலில் ஒருவர் கண்ணை மூடினால், அவர் வயது எத்தனையோ அத்தனை அடி மணி அடிக்கும். எனக்கு எழுத்து வராது. எண்ணிக்கை வரும், காதும் நன்றாக இருக்கிறது. அடுப்படியில் நின்றபடியே எண்ணுவேன். எண்பதைத் தாண்டினால் பழைய தபால்காரர், அறுபதோடு நின்றால் ரொட்டிக்கடைக்காரர் மனைவி என்று, மணி ஓய்வதற்குள் ஆளைச் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் தப்பாது.

அன்று காலை ஒரே ஓர் அடி விழுந்தது. கையில் கரண்டியோடு அடுத்த அடிக்குக் காத்திருந்தேன். வரவில்லை. பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம்.

ஒரு வயதுப் பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? எனக்குத் தெரிந்து சபையிலேயே ஒன்றுதான், எதிர்வீட்டுத் தையல்காரியின் பேத்தி. பதறிப்போய் ஜன்னலைத் திறந்தேன். அது வாசலில் உட்கார்ந்து ஒரு செருப்பைத் தின்றுகொண்டிருந்தது. தையல்காரி அதை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, ஒண்ணுதானே அடிச்சது?"

"ஒண்ணேதான்."

"கயிறு நழுவியிருக்குமோ?"

"அவன் கையிலயா? போடி."

அவன் என்றால் மணிக்காரன். கோபுரம் பழுதுபார்க்க வந்த கொத்தனாரோடு கல் சுமக்க வந்தவன். வேலை முடிந்து எல்லாரும் கிளம்பினார்கள். இவன் மட்டும் மணியை அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டான். பழைய மணிக்காரருக்கு முட்டி தேய்ந்துபோயிருந்த நேரம். கயிற்றை இவன் கையில் கொடுத்தார்கள். கோபுரத்துக்கு அடியில் ஓர் அறை. அங்கேயே கல்யாணம், அங்கேயே குடித்தனம். எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி மணியின் அச்சுக்குத் தடவுவான். புறாக்களோடு தீராத பகை; ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்துத் திட்டுவான். மணிக்கு அடியிலேயே வாழ்ந்து ஒரு காது போயே போய்விட்டது. அதனால் பேச்செல்லாம் கூச்சல்தான். பெண்டாட்டியிடம் உப்புக் கேட்டால் தெருமுனையில் இருப்பவர் எடுத்துக் கொடுக்கலாம். இவனிடம் ரகசியம் தங்காது என்பது ஊருக்கே தெரியும்.

அப்படிப்பட்டவன் அன்று வாயைத் திறக்கவில்லை. எனக்குச் சந்தேகம் கிளம்பியதே அதனால்தான்.

நேரே போனேன். கோயில் படியைப் பெருக்கிக்கொண்டிருந்தான்.

"யாருக்குடா அடிச்சே?"

கேட்காதவன் மாதிரிப் பெருக்கினான். நல்ல காதுப் பக்கம் போய் நின்று மறுபடி கேட்டேன்.

"விடுங்க பெரியம்மா," என்றான், மெதுவாக. அவனுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. கொடியில் துவைத்த போர்வை ஒன்று, அதன்மேல் இன்னொன்று. மணிக்காரியைக் காணோம். கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம், ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் கையகலத்துக்குப் புது மண். புறாவைப் புதைத்தானோ? புறாவுக்கு மணி அடிப்பானா? அதுவும் இவனா?

சாயங்காலத்துக்குள் தெரு இரண்டு பட்டுவிட்டது. குடித்திருந்தான் என்றது ஒரு பக்கம். யாரோ ஒருத்தி மறைத்துப் பெற்றதை இவனிடம் கொண்டுவந்து கொடுத்திருப்பாள் என்றது மறு பக்கம். அந்த வாரம் தலைவலி என்று வேலைக்குப் போகாத பெண்களையெல்லாம் ஜாடையாகப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பார்க்கவில்லை என்றால் யார் நம்புவது?

இரும்புக்கடைக்காரர்தான் சபை மூப்பர். ஆணியைக்கூட ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுப்பவர். "ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் சபை முன்னாடி யாருக்குன்னு சொல்லணும். இல்லைன்னா சாவியைக் கொடுத்துட்டு அறையைக் காலி பண்ணு," என்று சொல்லிவிட்டார். கோபுரத்தை விட்டால் அவனுக்குப் போக வேறு இடம் கிடையாது.

ஞாயிறு வந்தது. விசுவாசப்பிரமாணம் சொல்லும்போது வழக்கம்போல மூப்பர் குரல் எல்லார் குரலுக்கும் முன்னால் போனது. பாதியில் மணிக்காரி உள்ளே வந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த நடை எனக்குத் தெரிந்த நடை. என் சந்தேகம் மெல்ல இடம் மாறியது.

ஆராதனை முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"செத்தது யாரு?" என்றார் மூப்பர்.

மணிக்காரன் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"சாவியைக் கேக்கல. ஆளைக் கேக்கறேன்."

"வாக்குக் கொடுத்திருக்கேன் ஐயா. சொல்லமாட்டேன்."

"எனக்குத்தான் கொடுத்தார்." கடைசி பெஞ்சில் மணிக்காரி எழுந்து நின்றாள். "எங்க பிள்ளைக்கு அடிச்சார். நாலு மாசம் வயித்துல இருந்துச்சு. வெளியே சொல்லாதேன்னு நான்தான் சொன்னேன். போன தடவை சொன்னதுக்கு, இதுவும் தங்கலையான்னு கேட்டீங்க. பானை ஒழுகுதான்னு கேக்கற மாதிரி."

யார் கேட்டது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூப்பர் குரலைத் தாழ்த்தினார். "வருத்தந்தாம்மா. ஆனா மணி வயசுக்குத்தானே அடிக்கறது? பிறந்தாத்தானே வயசு?"

"இப்பத்தானே ஐயா விசுவாசப்பிரமாணத்துல சத்தமாச் சொன்னீங்க, இயேசு மரியாள் வயித்துல உற்பவித்துப் பிறந்தார்னு. எங்க பிள்ளை அந்த உற்பவித்து வரைக்கும் வந்துச்சு. அதுக்கு மேல வரல. வந்த வரைக்கும் ஓர் அடி. அவ்வளவுதான்."

நானும் சின்ன வயதிலிருந்து அதைச் சொல்லி வருகிறேன். 'பிறந்தார்' என்று போய்ச் சேரும் அவசரத்தில், கருவாகி என்கிற அந்த முதல் சொல்லின்மேல் ஒருநாளும் நின்றதில்லை.

மூப்பர் போதகரைப் பார்த்தார். "ஞானஸ்நானங்கூட ஆகலையே ஐயா?"

"கொண்டுவர மாட்டோம்னா சொன்னாங்க? கொண்டுவர முடியாமப் போச்சு," என்றார் போதகர். "இந்தம்மா விட்ட பெருமூச்சைக் கடவுள் ஜெபமா எடுத்துக்குவார். மரியாள் பார்க்க வந்தப்ப எலிசபெத்து வயித்துல இருந்த யோவான் துள்ளினது யாருக்கு? மரியாள் வயித்துல அப்பத்தான் உருவாகியிருந்தவருக்கு. அன்னைக்கே அவர் கர்த்தர்தான். பிறந்தப்புறம் ஆனவர் இல்ல. நம்ம ஆண்டவரே அந்த இருட்டுல இருந்துட்டு வந்தவர். அங்கேயே நின்னுபோன பிள்ளையை நாம ஒண்ணுமில்லைன்னு எண்ணிடலாமா?"

மூப்பர் சாவியை எடுத்து மணிக்காரன் கையில் வைத்து அழுத்தினார்.

"சரி. இனிமே அப்படி ஆனா ஒண்ணு அடி. ஆனா எந்த வீடுன்னு என் காதுல மட்டும் சொல்லிடு."

"எனக்குக் காதுல சொல்ல வராதே ஐயா!" என்று கத்தினான் மணிக்காரன். ஜன்னலில் இருந்த புறாக்கள் பறந்தன. சபை சிரித்தது. மணிக்காரியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம்.

அதற்குப் பிறகு எப்போதாவது ஒற்றை அடி விழுகிறது. யாருக்கு என்று அவன் சொல்வதில்லை. நானும் விடுவதில்லை, ஜன்னலில் நின்று ஒவ்வொரு கதவாகப் பார்க்கத்தான் செய்கிறேன். எந்த வீடு என்று தெரியாமல் அன்று யாரிடமும் வெடுக்கென்று ஒரு வார்த்தை பேச முடிவதில்லை.

போன வாரமும் ஒன்று விழுந்தது. தையல்காரி என் புதுச் சட்டையைக் கெடுத்து வைத்திருந்தாள், போட்டால் மூச்சு விட முடியாத அளவுக்கு இறுக்கமாக. சண்டைக்கென்றே அதைப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனேன். உள்ளே அவள் மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூக்கமா, வேறெதுவுமா, தெரியவில்லை.

"சட்டை எப்படிக்கா இருக்கு?"

"கச்சிதமா இருக்குடி," என்று சொல்லிவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அந்தச் சட்டையோடேயே வீடு வந்து சேர்ந்தேன்.