ரசத்தில் போட்ட வேர்

அம்புஜம் சந்திரமௌலி. பிறப்பு 1929, கும்பகோணம். கனடாவின் மொன்றியலுக்கு வந்தது 1967 செப்டம்பர். கணவர் சந்திரமௌலி, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பல்கலைக்கழக வளாகத்தில் மண்ணியல் பேராசிரியர். 1973 அக்டோபரில் அவருடைய இதயத்தில் உலோக வால்வு பொருத்தப்பட்டது. அன்றுமுதல் ரத்தம் உறையாமலிருக்க அன்றாடம் ஒரு மாத்திரை. பரிசோதனையில் உறையும் நேரம் இருபத்திரண்டு முதல் இருபத்தாறு விநாடிக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வு அடைபடும், கூடினால் உள்ளே கசியும் என்று மருத்துவர் அனுசூயா தமிழிலேயே விளக்கியிருந்தார்.

அறுவைக்குப் பிறகும் கணவரின் முகம் வெளுத்தே இருந்தது. அம்புஜத்துக்கு அதுதான் பயம். தை பிறந்த வாரம், சைனாடவுனில் முள்ளங்கி வாங்கப் போனவர், மூலிகைக் கடையில் ரத்தம் ஊறுவதற்கு ஏதேனும் உண்டா என்று கேட்டார். யாருக்கு என்றார் கடைக்காரர். கணவரின் நோயைக் கடையில் சொல்ல மனமின்றித் தன்னையே காட்டினார். சீவல் சீவலாக நறுக்கிய ஒரு வேரை, 'டோங் குவாய்' என்று பெயர் சொல்லி, கடைக்காரர் பொட்டலம் கட்டித் தந்தார்.

வேர் மிளகு ரசத்தில் கொதித்தது. பத்து நாளில் வாஷ்பேசின் சிவந்தது.

"ஏன்னா, ஈறுலேர்ந்து இவ்வளவு ரத்தம் வரதே!"

"பிரஷ் புதுசுடி. நீ வேற."

ரத்தம் வீணாகிறது, இன்னும் ஊற வேண்டும் என்று அம்புஜம் வேரை இரட்டிப்பாக்கினார். கணவரின் கைகளில் காரணமில்லாமல் நீலம் பாரித்தது. பிப்ரவரி 9 காலை மூக்கில் தொடங்கிய ரத்தம் மூன்று துண்டுகள் நனைந்தும் நிற்கவில்லை. பனியில் ஆம்புலன்ஸ் வந்துசேரும்வரை அம்புஜம் அவருடைய தலையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

மருத்துவமனையில் பார்த்தபோது உறையும் நேரம் ஐம்பத்துமூன்று விநாடி.

"மாமா, வேற மருந்து ஏதாவது? ஆஸ்பிரின்?" என்றார் அனுசூயா.

"மாமி என்னை எதையும் தொடவிடமாட்டா."

அம்புஜமும் இல்லை என்றே தலையசைத்தார்.

ஊசி போட்டு ரத்தம் நின்றது. வெளியே அனுசூயா குரலைத் தாழ்த்தினார். "காரணம் தெரியாம ஆத்துக்கு அனுப்ப முடியாது, மாமி. அடுத்த தடவை மூக்கோட நிக்காது. மூளையில கசிஞ்சா..."

மறுநாள் அம்புஜம் பிளாஸ்கில் ரசம் கொண்டுவந்தார். கணவர் வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொள்ள, "எனக்குக் குடுத்துடுங்கோ, மாமா" என்று அனுசூயா மூடியைத் திறந்தார்.

"இதென்ன, செலரி வாசனை வரதே?"

"என் ரசத்துல செலரியா? கிண்டலா? சைனாடவுன் வேர்மா. ரத்தம் ஊறுமாம்."

மூடி அனுசூயாவின் கையிலேயே நின்றது. "எத்தனை நாளா?"

"தை பொறந்ததுலேர்ந்து."

"மருந்து உண்டான்னு கேட்டேனே, மாமி!"

"மருந்து எங்கே குடுத்தேன்? ரசம்தானே."

சொன்ன பிறகுதான் அம்புஜத்துக்கு உறைத்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நானேவா?"

"மாத்திரையோட இதுவும் சேர்ந்து ரத்தத்தை உறையவிடாம பண்ணியிருக்கலாம். இந்த வேர்தான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. நிறுத்திப் பார்க்கலாம்."

"ரசம் என்னமோ நன்னாத்தான் இருந்தது" என்றார் சந்திரமௌலி.

வீடு திரும்பியபின் மாத்திரை பழைய அளவிலேயே தொடர்ந்தது. அம்புஜம் மோர்சாதம் மட்டுமே பிசைந்து வைத்தார். பெருங்காயம் சேர்க்கக்கூடக் கை வரவில்லை. தினமும் கணவர் பல் தேய்த்து முடித்ததும், தண்ணீரைத் திறக்குமுன் வாஷ்பேசினை எட்டிப் பார்த்தார். பரிசோதனையன்று மருத்துவமனைப் படியேறவே அஞ்சி, வாசலில் கோட்டுப் பொத்தானைத் திருகியபடி நின்றார். அனுசூயாவே தாளோடு வெளியே வந்தார்.

1974 மார்ச் 4: இருபத்துநான்கு விநாடி.